சைபர் செக்யூரிட்டியில் மேற்படிப்பு: எதை நம்பி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பசி நேரத்தில் பேசுகிறவன் சுருக்கமாகப் பேசுவான் என்று செயலாளர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சைபர் செக்யூரிட்டியில் மேற்படிப்பு. இதைக் கேட்டு வாங்கியவர்கள் இறுதியாண்டு மாணவர்கள் என்று சொன்னார்கள். காலையிலிருந்து என்னிடம் வந்த கேள்விகளும் மூன்றுதான். "அண்ணா, எம்.டெக். சைபர் செக்யூரிட்டி பண்ணலாமா?" "ஸ்கோப் எப்படிண்ணா இருக்கு?" "ரெண்டு வருஷம் எதுக்குண்ணா, மூணு மாச சர்டிபிகேட் கோர்ஸ் போதாதா?"

மூன்றும் நியாயமான கேள்விகள். இரண்டு வருடம் என்பது சின்ன விஷயமில்லை. இங்கே படிக்கிற பல பேர் வீட்டில் பி.இ.க்கு வாங்கிய கடனே இன்னும் அடைபடவில்லை. அந்தக் கடனுக்கு மேல் இன்னொரு கடனா, இல்லை கையில் சம்பளமா என்பதுதான் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. அதற்கு "சூப்பர் ஸ்கோப், சேர்ந்துடுங்க" என்று மேடையில் கையை ஆட்டிவிட்டு இறங்கிப் போவது பாவம். எதை நம்பி இந்தப் படிப்பில் சேரலாம், எதை நம்பிச் சேரக் கூடாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

இது என்ன படிப்பு?

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். இருட்டு அறை, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். கதாநாயகனின் நண்பர் பத்து விநாடி தட்டுவார். "உள்ளே போயிட்டேன்" என்பார். அந்தப் பத்து விநாடிக்கு ஆசைப்பட்டு இந்தப் படிப்பில் சேருகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். அங்கே உட்கார்ந்து எண் கோட்பாடும் நிகழ்தகவும் படிக்க வேண்டியிருக்கிறது.

வேறு மாதிரி சொல்கிறேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். நல்ல திண்டுக்கல் பூட்டு. சாவி எங்கே? மீட்டர் பெட்டிக்குள். அது யாருக்கெல்லாம் தெரியும்? பால்காரருக்கு, மாடி வீட்டுக்காரருக்கு, போன வருஷம் குடியிருந்தவருக்கு. திருடன் பூட்டோடு மல்லுக்கட்ட மாட்டான். மீட்டர் பெட்டியைத் திறப்பான். பூட்டு கெட்டியா என்று ஆட்டிப் பார்ப்பது ஒரு வேலை. இந்த வீட்டின் பாதுகாப்பு எதையெல்லாம் நம்பி இருக்கிறது என்று பட்டியல் எழுதி, அதில் ஒவ்வொன்றும் பொய்த்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்ப்பது வேறொரு வேலை. முதல் வேலைக்கு மூன்று மாதம் போதும். இரண்டாவது வேலையைக் கற்றுக்கொடுத்தால்தான் அது மேற்படிப்பு.

"எதை நம்பி?" இந்த இரண்டே சொல்தான் முழுப் பாடத்திட்டமும். நாலு சம்பவங்களைச் சொன்னால் விளங்கும்.

512 எழுத்து

1988ம் வருடம் நவம்பர் 2. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மேற்படிப்பு மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவுகிற ஒரு புரோகிராமை எழுதி இணையத்தில் விட்டார். அன்றைக்கு இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணிப்பொறிகள். அவற்றில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள்.

அது நுழைந்த வழிகளில் ஒன்றை நம் முதல் செமஸ்டர் மாணவரே புரிந்துகொள்வார். 'ஃபிங்கர்' என்று ஒரு சேவை. கேள்வியை வாங்கிக்கொள்ள 512 எழுத்துக்கு இடம் ஒதுக்கி, 'கெட்ஸ்' என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தார்கள். அது வருவதை அளந்து பார்க்காது. வந்ததையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ளும். மோரிஸின் புரோகிராம் 536 எழுத்து அனுப்பியது. மீதி 24 எழுத்து பக்கத்து இடத்தில் வழிந்து, அங்கிருந்து கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டது. எதை நம்பியிருந்தார்கள்? "யாரும் 512க்கு மேல் அனுப்பமாட்டார்கள்" என்பதை.

மோரிஸுக்குத் தண்டனை கிடைத்தது, பிற்காலத்தில் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். அதே 1988 நவம்பரிலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய அவசரங்களைக் கவனிக்க 'செர்ட்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 1992ல் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே இதற்கென்றே ஒரு எம்.எஸ்ஸி. படிப்பை ஆரம்பித்தது. நமது 'செர்ட்-இன்' 2004ல் வந்தது. சி மொழியின் தர நிர்ணயத்திலிருந்து 'கெட்ஸ்' நீக்கப்பட்டது 2011ல். ஓட்டை வெளியே தெரிந்து 23 வருடம் கழித்து! துளையை அடைப்பது எவ்வளவு மெதுவாக நடக்கிறது பாருங்கள். நமக்கு வேலை தீராததற்கு இதுவே காரணம்.

பிரிண்டர் ஓடாத வெள்ளிக்கிழமை

இரண்டாவது சம்பவம் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்தது. 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் அந்த நாடு வைத்திருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் போயின. மொத்தம் 95 கோடியே 10 லட்சம் டாலர். உத்தரவு கொடுத்தது வங்கி அல்ல. வங்கியின் கணிப்பொறிகளுக்குள் முன்னமே குடிவந்துவிட்டவர்கள்.

நாளைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனியுங்கள். வெள்ளி, சனி டாக்காவில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை. திங்கள்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒருவர் கேட்டால் இன்னொருவர் எடுத்துப் பதில் சொல்ல முடியாத நான்கு நாட்கள்.

உத்தரவுகளை உடனுக்குடன் காகிதத்தில் அச்சடிக்க டாக்காவில் ஒரு பிரிண்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை அது ஓடவில்லை. பிரிண்டர் ஓடாதது எந்த ஆபீஸில் அதிசயம்? அப்புறம் பார்க்கலாம் என்று விட்டார்கள். உண்மையில் அச்சாகாதபடி செய்ததும் உள்ளே இருந்தவர்களின் மென்பொருள்தான். 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவில் ஒரு வங்கிக் கிளைக்குப் போய், சூதாட்ட விடுதிகள் வழியாக மறைந்தது. அதில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது. இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும் தப்பித்தது. 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை அனுப்பியவர்கள் 'ஃபாண்டேஷன்' என்று தப்பாக அடித்திருந்தார்கள். வழியில் ஒரு வங்கி அலுவலரின் கண்ணில் அது பட்டது. இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்கு நம் ஊரில் வாங்கிய அடியெல்லாம் வீண் போகாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

இப்போது பட்டியல் எழுதுங்கள். நியூயார்க் எதை நம்பியது? "ஸ்விஃப்ட் வழியாக, சரியான அடையாளத்தோடு வந்த உத்தரவு, வங்கியே கொடுத்த உத்தரவாகத்தான் இருக்கும்." டாக்கா எதை நம்பியது? "காகிதத்தில் வராதது நடக்கவில்லை." இரண்டு நம்பிக்கையும் ஒரே நேரத்தில் பொய்த்தன. பூட்டை யாரும் உடைக்கவில்லை. சங்கேதக் கணக்கு எதுவும் தோற்கவில்லை. அதே வருடம் ஜூன் 2ம் தேதி நமது ரிசர்வ் வங்கி இந்திய வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. இடைவிடாத கண்காணிப்புக்கு மையம் வேண்டும், ஏதாவது நடந்தால் 2 முதல் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றது. நம் கல்லூரியிலிருந்து போனவர்களில் வங்கித் துறையில் பாதுகாப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சுற்றறிக்கை நன்றாகவே தெரியும்.

அரை விநாடி

மூன்றாவது, 2024ல் நடந்தது. லினக்ஸ் கணிப்பொறிகளில் 'எக்ஸ்.இஸட்.' என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள் உண்டு. அதைப் பல வருடமாக ஒருவர், சம்பளம் இல்லாமல், தன் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். 2021 வாக்கில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பிழை திருத்தினார், பொறுமையாக வேலை செய்தார். இன்னும் சில புதிய பெயர்கள் வந்து, "வேலை மெதுவாக நடக்கிறதே" என்று பழையவரை நச்சரித்தன. மெல்ல மெல்லப் பொறுப்பு ஜியா டானின் கைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் வெளியிட்ட பதிப்பில், சோதனைக் கோப்புகள் என்ற பெயரில், ஒரு கள்ளக் கதவை உள்ளே வைத்துவிட்டார். அது எல்லா இடத்துக்கும் பரவியிருந்தால், தொலைவிலிருந்து சர்வர்களுக்குள் நுழையும் வழி அவர் கையில் இருந்திருக்கும்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். மைக்ரோசாஃப்டில் வேலை, 'போஸ்ட்கிரெஸ்' டேட்டாபேஸை உருவாக்குகிறவர்களில் ஒருவர். பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவரே இல்லை. தன் கணிப்பொறியில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று பார்த்தார். நாமாக இருந்தால் நெட் ஸ்லோ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் ஏன் என்று தோண்டினார். மார்ச் 29ம் தேதி உலகத்துக்குச் சொன்னார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேருவதற்குள் பிடிபட்டுவிட்டது.

எந்தக் கருவியும் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. ஓர் அமைப்பு சாதாரணமாக எப்படி நடந்துகொள்ளும் என்று உள்ளும் புறமும் தெரிந்த ஒருவருக்குத்தான் அந்த அரை விநாடி உறுத்தியது. இதைத்தான் தம்பி தங்கைகளுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாதுகாப்பு நிபுணர் என்பவர் முதலில் நல்ல எஞ்சினியர். ஆபரேட்டிங் சிஸ்டம் தெரியாமல், நெட்வொர்க் தெரியாமல், ஒரு புரோகிராம் மெமரியில் எப்படி உட்கார்கிறது என்று தெரியாமல், நேரே பாதுகாப்பு படிக்க முடியாது.

கணக்கு கைவிட்டபோது

நாலாவது சம்பவத்தில் திருடனே இல்லை, முழுக்கக் கணக்கு. குவாண்டம் கணிப்பொறி பெரிதாக வந்துவிட்டால் இன்றைய பொதுச் சாவி முறைகளை உடைக்கலாம் என்று 1994ல் பீட்டர் ஷோர் காட்டினார். அதற்கு முன்னேற்பாடாக அமெரிக்காவின் 'நிஸ்ட்' நிறுவனம் 2016லிருந்து புதிய முறைகளைத் தேடியது. அதில் 'சைக்' என்று ஒன்று, பல வருடம் பல பேர் பார்த்தும் உடையாமல், 2022 ஜூலையில் நான்காவது சுற்றுக்கு வந்தது. அதே மாதக் கடைசியில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வௌட்டர் காஸ்ட்ரிக், தாமஸ் டெக்ரு இருவரும் அதை உடைத்துக் காட்டினார்கள். குவாண்டம் கணிப்பொறி வேண்டியிருக்கவில்லை. சாதாரணக் கணிப்பொறியின் ஒரே ஒரு கோர், சுமார் ஒரு மணி நேரம். அதற்கு ஆதாரமாக இருந்தது எர்ன்ஸ்ட் கானி என்ற கணித மேதை 1997ல் நிரூபித்திருந்த ஒரு தேற்றம். 25 வருடமாக நூலகத்தில்தான் இருந்தது. வேறு கிளையைச் சேர்ந்த கணக்கு என்பதால் இந்தத் துறையில் யாரும் அதை எடுத்துப் பொருத்திப் பார்க்கவில்லை.

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்படி எல்லாருக்கும் முன்னால் வைத்து உடைத்துப் பார்ப்பதுதான் இந்தத் துறையின் நேர்மை. உடையாமல் நின்ற மற்ற முறைகளிலிருந்து 2024 ஆகஸ்டில் மூன்று தரங்களை வெளியிட்டார்கள். மேற்படிப்பின் உச்சி எங்கே இருக்கிறது என்று காட்டவே இதைச் சொன்னேன். "எல்லாரும் நம்புகிறார்கள்" என்பது நிரூபணம் ஆகாது.

சர்டிபிகேட்டா, எம்.டெக்.கா?

சர்டிபிகேட் கோர்ஸை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கருவியைக் கையில் பிடித்து ஓட்டக் கற்றுத்தருகிறது. முதல் வேலைக்குக் கதவு திறக்கிறது. கார் ஓட்ட லைசென்ஸ் போதும், அதற்கு ஆட்டோமொபைல் எஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை. ஆனால் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்ல லைசென்ஸ் உதவாது. கருவிகள் சில வருடத்துக்கு ஒருமுறை மாறும். 1988ல் வழிந்த 24 எழுத்தின் தத்துவம் மாறவில்லை.

நல்ல எம்.டெக். படிப்பில் முதல் வருடம் கிரிப்டோகிராபி, ஆபரேட்டிங் சிஸ்டம் மற்றும் மென்பொருள் பாதுகாப்பு, நெட்வொர்க் பாதுகாப்பு, கணிப்பொறித் தடயவியல், சட்டமும் இடர் மதிப்பீடும் இருக்கும். இரண்டாம் வருடம் பெரும்பாலும் ஆராய்ச்சித் திட்டம், அதாவது தீஸிஸ். உங்கள் இரண்டு வருடத்தின் மதிப்பு பெரும்பாலும் அந்தத் தீஸிஸில்தான் இருக்கிறது. சந்தையில் விற்கும் ஒரு மலிவு சி.சி.டி.வி. கேமராவைப் பிரித்து, அதன் உள் மென்பொருளை வெளியே எடுத்து, அது எதை நம்புகிறது என்று ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியவருக்கு, எந்த நேர்முகத் தேர்விலும் பேச விஷயம் இருக்கும். பழைய தீஸிஸைத் தலைப்பு மாற்றிக் கொடுத்தவருக்குப் பட்டம் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

யார் சேர வேண்டாம்? கேம்பஸில் வேலை கிடைக்கவில்லை, இரண்டு வருடம் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும் என்பவர் சேர வேண்டாம். கோடு எழுதப் பிடிக்காது, கணக்கு வேண்டாம், அதனால் செக்யூரிட்டி என்பவர் சேர வேண்டாம். வீட்டில் உடனே சம்பளம் தேவைப்படுகிறவர் தயங்காமல் வேலைக்குப் போகலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கவும் இன்று வழி இருக்கிறது. நிறுவனத்துக்குள்ளேயே ஒரு ப்ராஜெக்டில் பாதுகாப்புப் பக்கம் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். நானும் சில வருடம் வேலை பார்த்த பிறகு படிக்கப் போனவன்தான். வகுப்பில் சொல்வது எங்கே பயன்படும் என்று அப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

சேருவதென்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது? பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். 'சைபர்' என்ற சொல்லை விளம்பரத்தில் சேர்ப்பது எளிது. நான்கு விஷயம் விசாரியுங்கள். ஒன்று, இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிற ஆசிரியர்கள் எத்தனை பேர், கடைசி மூன்று வருடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள். இரண்டு, லேப் இரவிலும் திறந்திருக்குமா, அங்கே உடைத்துப் பார்க்கக் கருவி உண்டா. மூன்று, போன வருட தீஸிஸ்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நாலு, அங்கே படித்து முடித்த இரண்டு பேரிடம் போனில் பேசுங்கள். நல்ல வழிகாட்டி கிடைத்தால், சாதாரண எம்.டெக். கம்ப்யூட்டர் சயன்ஸில் சேர்ந்து பாதுகாப்பில் தீஸிஸ் செய்வதும் சரிசமம்தான். கேட் தேர்வை ஒழுங்காக எழுதுங்கள். நல்ல மதிப்பெண் இருந்தால் உதவித்தொகையோடு படிக்கலாம். கடன் சுமையும் குறையும்.

இன்றைக்கே தொடங்க என்ன வழி? சி மொழியில் ஒரு சிறு சர்வர் எழுதுங்கள். உங்கள் சொந்த வீட்டு நெட்வொர்க்கில் 'வயர்ஷார்க்' போட்டு, என்னென்ன போகிறது வருகிறது என்று பாருங்கள். கார்னகி மெலன் நடத்தும் 'பிகோ சி.டி.எஃப்.' புதிர்கள் இலவசம். மூன்று மாதம் போட்டுப் பாருங்கள். ராத்திரி தூக்கம் வராமல் ஒரு புதிர் அரித்துக்கொண்டே இருந்தால், இது உங்கள் துறை. போரடித்தால் ஒன்றும் நஷ்டமில்லை. இரண்டு வருடம் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை

சொந்த நெட்வொர்க் என்று அழுத்திச் சொன்னேன். ஏதாவது ஒரு போர்ட்டலில் ஓட்டை தெரிகிறது. "சும்மா உள்ளே போய்ப் பார்த்தேன், எதையும் எடுக்கல" என்பது சட்டத்தின் முன் நிற்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43ம் பிரிவின்படி உரியவர் அனுமதி இல்லாமல் நுழைவதே நஷ்டஈட்டுக்கு உரிய செயல். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நிரூபணமானால் 66ம் பிரிவு. மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எழுத்தில் அனுமதி வாங்காமல் பிறர் கணிப்பொறியைத் தொடாதீர்கள். இந்தத் தொழிலில் உங்கள் ஒரே மூலதனம் பிறர் உங்கள் மேல் வைக்கும் நம்பிக்கை. வேலியே பயிரை மேய்ந்தது என்று ஒருமுறை பெயர் வாங்கினால், எத்தனை பட்டம் இருந்தும் பயனில்லை.

வேலை எப்படி?

ஒளிக்காமல் சொல்கிறேன். எம்.டெக். முடித்தவருக்கும் பல இடத்தில் முதல் வேலை, கண்காணிப்பு மையத்தில் இரவு ஷிஃப்ட்தான். பி.இ. முடித்து வந்தவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். முதல் வருடத்தில் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். வித்தியாசம் நான்கைந்து வருடம் கழித்துத் தெரியும், அதுவும் அடித்தளம் இருந்தால். வழக்கமான எச்சரிக்கைகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொண்டுவருகிறது, கோடும் எழுதுகிறது. இயந்திரம் எழுதிய கோடு எதை நம்பி எழுதப்பட்டது என்று கேட்கத் தெரிந்தவருக்கு வேலை கூடத்தான் போகிறது.

வங்கி, மென்பொருள் நிறுவனங்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2019ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணிப்பொறி ஒன்றில் தீங்கு மென்பொருள் இருந்ததை அணுமின் கழகம் உறுதி செய்தது. உலையின் கட்டுப்பாட்டு நெட்வொர்க் தனியாக இருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. அந்தப் பிரிவினையை யோசித்து வரைந்தவர் ஒரு எஞ்சினியர். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டன. நாள்கணக்கில் நோயாளிகளின் பதிவைக் கையால் எழுதினார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு சர்வர் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. நாம் படிப்பது கடைசியில் அவர்களுக்காகத்தான். மின்வாரியம், குடிநீர், ரயில்வே, துறைமுகம் என்று எங்கும் ஆள் தேவை. எலெக்ட்ரிகல், இ.சி.இ., இன்ஸ்ட்ருமென்டேஷன் மாணவர்களுக்கு இங்கே கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்களைவிட ஒரு படி முன்னுரிமையே உண்டு. மோட்டாரும் ரிலேவும் உங்களுக்குத் தெரியும்.

முன்னாள் மாணவர்களுக்கு

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் மூன்று விண்ணப்பம். வருடத்துக்கு ஒரு மாணவரின் ப்ராஜெக்டை மாதம் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துக் கொடுங்கள். உங்கள் கம்பெனியில் கழித்துக்கட்டும் ரவுட்டர், ஸ்விட்ச், பி.எல்.சி. எதுவானாலும், உரிய அனுமதி வாங்கி, உள்ளிருக்கும் தகவலை முறையாக அழித்துவிட்டு, நம் கல்லூரிக்கு அனுப்புங்கள். மாணவர்கள் பிரித்துப் பார்க்கட்டும். வருடத்துக்கு ஓர் உண்மையான பிரச்சினையை இன்டர்ன்ஷிப்பாகக் கொடுங்கள். ஹாலில் பெயர்ப்பலகை வைப்பதைவிட இது மலிவு, பலனும் அதிகம்.

ஓய்வு பெற்ற பெரியவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒன்று. போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், யாரிடமும் பேசக் கூடாது, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்று மிரட்டுகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வையுங்கள். பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் வேண்டாம். வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். அங்கேயும் கேள்வி அதுதான்: இந்த ஆளை எதை நம்பி? உடையை நம்பியா, குரலை நம்பியா?

தம்பி தங்கைகளே, உங்கள் மூன்று கேள்விக்கும் என் பதிலைச் சுருக்கிச் சொல்கிறேன். ஓர் அமைப்பு ஏன் வேலை செய்கிறது, ஏன் உடைகிறது என்று தோண்டிப் பார்க்கும் ஆசை உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால், நல்ல வழிகாட்டியும் தீஸிஸும் கிடைத்தால், கடனைத் தாங்கும் நிலை வீட்டில் இருந்தால், இந்த இரண்டு வருடம் வீணாகாது. ஸ்கோப்பை மட்டும் நம்பிச் சேராதீர்கள். ஸ்கோப் என்பது பிறர் சொல்வது. ஆசை உங்களுக்கே தெரியும்.

நான் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் நாலு பேரிடம் விசாரித்துப் பாருங்கள்.